D போன இடத்தில் VE

வலது கை பிரஷ்ஷை இழுத்தது. இடது கையில் பிடித்திருந்த கோல் அதற்கு முட்டுக் கொடுத்தது. நேர்க்கோட்டு எழுத்துகளை முதலில் முடித்துவிட்டு, வயிறு உள்ளவற்றைக் கடைசிக்கு வைப்பது அவள் வழக்கம். கடைசியாக எழுதிய HAD-இன் D சிவப்பாக உப்பி நின்றது. தகரப் பலகை நிறைந்துவிட்டது: WE HAD MOVED UPSTAIRS.

வண்டிகளுக்கு நம்பர் எழுதிப் பழகிய கை அது. பிஸ்கட் டப்பா மூடிகளைப் பார்த்து வரைந்து வரைந்து எழுத்துகளைத் தானாகப் பிடித்துக்கொண்டவள். முழு ஆங்கில வாக்கியம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நன்றாக அமைந்தால் இந்தக் கட்டடத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் அவளைத் தேடி வருவார்கள். சொதப்பினால் பழையபடி நம்பர் பிளேட்டுதான்.

தையல் மாஸ்டர் கடையை மாடிக்கு மாற்றிவிட்டார். தைத்த துணியை வாங்க மாலையில் வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. அதற்குள் பலகை தொங்கியாக வேண்டும்.

பக்கத்தில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த அண்ணி, அவள் கணவனின் அக்கா, கழுத்தை நீட்டினாள்.

"என்னடி எழுதியிருக்கே? தமிழ்ல சொல்லு."

"மாடிக்கு மாறியிருந்தோம்."

"இருந்தாங்களா? அப்புறம்? மறுபடியும் கீழ இறங்கிட்டாங்களா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ அண்ணி!"

படிக்கட்டைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் மாஸ்டர் கழுத்தில் டேப் தொங்க ஓடிவந்தார்.

"மாஸ்டர், ஹேட்னுதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா. மாறி முடிஞ்சாச்சு. முடிஞ்சதுக்கு ஹேட்தானே?"

"முடிஞ்சது சரி. ஆனா நீங்க இன்னும் மேலதானே இருக்கீங்க?"

மாஸ்டர் டேப்பின் இரு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "மழை வர்றதுக்கு முன்னாடியே மாறியிருந்தோம்னா, அது ஹேட். பின்னாடி இன்னொண்ணு நடந்திருக்கணும். இங்க ஒண்ணுமே நடக்கலையே! மாறியிருக்கோம், இருக்கோம்! ஹேவ்!" தலையில் அடித்துக்கொண்டார். "சட்டைக் கையைக் கொண்டுபோய் பேண்ட்ல வச்சுத் தைச்சிட்டேனே!"

"தமாஷெல்லாம் இருக்கட்டும்," என்றாள் அண்ணி. "ஒரு எழுத்து இருந்த இடத்துல ரெண்டு எழுத்து எப்படி நுழையும்?"

அவள் அதற்குள் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த ஈர D-ஐ வழித்துவிட்டாள். வெற்றிடத்தை முறைத்துப் பார்த்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது.

"அண்ணி, இங்க பாருங்க! A கீழ காலை அகட்டிக்கிட்டு நிக்குது. மேல இடம் சும்மா கிடக்கு. V தலைகீழ் A-தானே? அந்தச் சரிவுலயே ஒட்டி உட்காரும்!"

"ஒரே பெஞ்சுல நீயும் நானும் உட்கார்ற மாதிரி."

"நீங்கதான் V. எப்பவும் மேல சாஞ்சுக்கிட்டு!"

பிரஷ் சரிந்து இறங்கியது, ஏறியது. V கச்சிதமாகச் செருகிக்கொண்டது. மிச்சத்தில் E ஒல்லியாக நிமிர்ந்து நின்றது. அண்ணி ஒரு முறை கைதட்டிவிட்டு, பெயிண்ட் தெறித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் பலகையை இரண்டு கையாலும் ஏந்தி எழுந்தாள்.

"ஓரத்தைப் பிடிங்க மாஸ்டர். 'இருக்கோம்' இன்னும் காயல."