அஜக்ஸில நான் தனிய பஸ் ஓட்டின முதல் நாள்

இண்டைக்குத்தான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸில நான் தனிய பஸ் ஓட்டின முதல் நாள்.

விடிய ஆறரைக்கு பஸ்ஸில ஒன்பது பேர். எல்லாரும் ரொறன்ரோ ரயிலைப் பிடிக்க வேணும். முன் சீற்றில ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ரொறன்ரோவில ஆஸ்பத்திரிக்குப் போறவர். ரெண்டாம் உலக யுத்த காலத்தில இந்த ஊர் ஒரு குண்டுத் தொழிற்சாலையாத் தொடங்கேக்கயே அவற்ற தகப்பன் அங்க வேலை செய்தவராம்.

பாதி வழியில தண்ணிக்குழாய் வெடிச்சு, றோட்டை மறிச்சுப்போட்டாங்கள்.

"ரயில் போச்சு," எண்டார் கிழவர். "இங்க தெருவெல்லாம் அஜக்ஸ் எண்ட போர்க்கப்பலில இருந்த மாலுமியளின்ர பேர். எனக்கே குழம்பும். உமக்கு வழி தெரியுமோ?"

"தெரியும், இருங்கோ," எண்டன்.

ரெண்டு வருசம் இந்தத் தெருக்களிலதான் நான் வீடு வீடாப் பேப்பர் போட்டனான். எந்தத் தெரு எங்க முடியுது, எந்த வளைவில பனி இறுகிக் கிடக்கும் எண்டு என்ர காலுக்கே தெரியும். நாலு சின்னத் தெருவுக்குள்ளால வளைச்சு எடுத்தன்.

ஸ்ரேசனில நிப்பாட்டேக்க, ரயில் வர இன்னும் மூண்டு நிமிசம் இருந்தது. முழு பஸ்ஸும் கை தட்டிச்சு!

கிழவர் இறங்கேக்க தொப்பியைக் கழட்டி, "நாளைக்கும் நீர்தானே ஓட்டுவீர்?" எண்டு கேட்டார்.

"ஓம், நானேதான்!"

வீட்ட வந்து என்ர மனுசனுக்குச் சொன்னன். நல்லாச் சந்தோசப்பட்டார். பின்னேரம் கடைக்குப் போக நான் எங்கட காரை எடுக்கேக்க மட்டும் வாசலில நிண்டு, "பார்த்துப் பின்னுக்கு எடும்" எண்டார்.

உங்கட வீடுகளிலயும் உப்பிடித்தானோ?