என் நித்திரைக்காக ஒரு நவநாள்

நான் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவன். பேசாலைப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி மன்னார் ரவுனில் இறக்கி, பள்ளி விட்டதும் திரும்ப வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் தொழில். ஒருநாள் பின்னேரம் தலைமன்னார் ரயில் வருகிறதென்று கேற்றைப் போட்டிருந்தார்கள். நானும் வானை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரயில் போனது. கேற் திறந்தது. முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் போய்விட்டார்கள். என் வான் மட்டும் அசையவில்லை. ஸ்ரியறிங்கில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு நான் ஆழ்ந்த நித்திரையில் இருந்தேன். பிள்ளைகள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் எழும்பி வந்து ஹோர்னை அமத்தினாள். நான் திடுக்கிட்டு எழும்பி, கேற்காரரைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வானை எடுத்தேன்.

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருப்பார்களா? நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே கதை என் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. அவள் சண்டை பிடிக்கவில்லை. வான் திறப்பை, அந்தச் சாவிக்கொத்தை, வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு, "இனி உங்களுக்கு ஒழுங்கான நித்திரை வருமட்டும் இது என்னட்டத்தான்" என்றாள்.

அந்த நாட்களில் நான் கொழுகொழு என்று இல்லை, அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். வானின் சீற்றைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி, எனக்குப் பின்னால் இருந்த வரிசைப் பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டு இருக்கவேண்டி வந்தது. "இரவில உங்களுக்கு மூச்சு நிண்டு நிண்டு வருது" என்று மனைவி வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நின்ற மூச்சு எப்படித் திரும்ப வரும் என்று கேட்டால், "நான் தோளில தட்டுவன், வரும்" என்பாள். எனக்கு நித்திரையில் நடப்பது எனக்குத் தெரியுமா அவளுக்குத் தெரியுமா என்று நான் வாதாடியிருக்கிறேன். திறப்புப் பறிபோன பிறகு கொழும்புக்குப் போய்ப் பார்த்த டொக்டர் அம்மாவும் அவள் சொன்னதையே சொன்னார். உடம்பு நிறை கழுத்தை அமுக்குகிறது, நித்திரையில் மூச்சு நிற்கிறது, இரவு முழுக்க உடம்பு ஓய்வில்லாமல் கிடக்கிறது, அதுதான் பகலில் தூங்கி விழுகிறேன். முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்க ஒரு மூச்சு மெசினும், இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்க ஒரு நாளும் குறித்துத் தந்தார்.

ஆபரேசன் நன்றாகவே நடந்தது. நிறை குறையும், அதனால் குறட்டை குறையும், அதனால் நித்திரை சரியாகும், அதனால் திறப்பு கைக்கு வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நிறை சொன்னபடி குறைந்தது. குறட்டையும் குறைந்தது. நித்திரை மட்டும் வீட்டைவிட்டுப் போன ஆள்போல் திரும்பி வரவே இல்லை.

வராததற்குக் காரணங்கள் இருந்தன. எனக்குச் சின்ன வயதிலிருந்தே குப்புறப் படுத்தால்தான் கண் மூடும். இப்போது வயிற்றில் தையல் போட்ட இடம் நொந்தது. மல்லாக்கப் படுத்தால் புளிப்பு நெஞ்சு வரைக்கும் ஏறி வந்தது. அதனால் தலையணைகளை அடுக்கிப் பாதி எழும்பி இருந்தபடி படுக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் தூரப் பயணம் போகிறவன் மாதிரி ஒவ்வொரு இரவும் கட்டிலில் குந்தியிருந்தேன். தாகம் வேறு. முன்பு ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பவன், இப்போது கரண்டியால் ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, முகம் வற்றிப்போனதால் மெசினின் முகமூடி தொளதொளத்து, ஓரத்தால் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. முதல் நாள் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பிய மனைவி, "கேத்தலை ஆர் அடுப்பில வச்சது?" என்று குசினிக்கு ஓடினாள்.

இரவில் விழித்திருந்தால் பகலில் தூங்கி விழுவேன். பகலில் தூங்கினால் இரவில் விழித்திருப்பேன். டொக்டர் அம்மா ரெலிபோனில் கண்டிப்பாகச் சொன்னார். "பகலில ஒரு கண் நித்திரையும் கூடாது. பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். இரவு வெள்ளன லைற்றைக் குறைச்சு, சத்தம் சந்தடி இல்லாமல் அமைதியா இருங்கோ. கொஞ்சம் கொஞ்சமா வரும். வந்து நிலைச்ச பிறகுதான் வான்."

அமைதியாக இருப்பதென்றால் எங்கள் ஊரில் கடலுக்குள் போய்த்தான் இருக்கவேண்டும். ஆஸ்பத்திரியால் வந்தவரைப் போய்ப் பார்க்காமல் விடுவது இங்கே நடக்காத காரியம். வெறுங்கையோடு போவதும் நடக்காது. நான் நான்கு கரண்டி கஞ்சியோடு வயிறு நிறைந்துபோகும் ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் வாளி வாளியாகக் கூழ் வந்தது. நண்டும் இறாலும் மிதக்கிற அந்தக் கூழை நான் மூக்கால் மட்டும் குடித்தேன். மற்றதை மனைவியின் தம்பி குடித்தான். இலுப்பைக்கடவையிலிருந்து வந்து எனக்குப் பதிலாக வான் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அப்போதுதான் எங்கள் முன்வீட்டு அக்கா களத்தில் இறங்கினார். எங்கள் வட்டாரத்தில் செபம் முன்னெடுப்பவர் அவர். மாதா சுருவம் ஒன்று, சின்னச் சிலை, வீடு வீடாகச் சுற்றிவரும். எந்த வீட்டில் மாதா தங்குகிறாரோ அந்த வீட்டில் பின்னேரச் செபம் நடக்கும். முறைப்படி எங்கள் வீட்டுக்கு வர இன்னும் பல மாதங்கள் இருந்தன. அக்கா முறையை மாற்றினார்.

"மாதாவை உங்கட வீட்டில நவநாளுக்கு ஒன்பது நாள் வைப்பம். உனக்கு நித்திரை வரவேணுமெண்டு முழுச் சனமும் இருந்து செபிப்பம். வராமல் எங்க போகுது பாப்பம்" என்றார்.

அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டொக்டர் அம்மா செய்யாதே என்று சொன்னது ஒன்றுவிடாமல் அந்த ஒன்பது நாளும் என் வீட்டில் நடந்தது. இருட்டியதும் விறாந்தையில் எல்லா லைற்றும் எரியும். சுருவத்தைச் சுற்றி மின்னி மின்னி எரிகிற சின்ன பல்புகள் வேறு. ஓர்கன் வாசிக்கத் தெரிந்த ஒரு பொடியன் ஓர்கனோடு வந்தான். செபமாலை, பாட்டு, பிரார்த்தனை, பிறகு இன்னொரு பாட்டு. என்னைச் சாய்மனைக் கதிரையில் சுருவத்துக்குப் பக்கத்தில் இருத்தி, என் நித்திரைக்காக உரத்த குரலில் மன்றாடினார்கள். முடிந்ததும் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். தேத்தண்ணி குடித்தவர்கள் கதைக்கவேண்டும். கதையும் என் நித்திரையைப் பற்றித்தான். ஒருவர் பாலில் சாதிக்காய் உரைத்துக் குடி என்றார். இன்னொருவர் கடற்கரை மணலில் நடந்துவிட்டுப் படு என்றார். கடலுக்குப் போகிறவர்கள் எழும்பிப் புறப்படுகிற நேரத்தில்தான் கடைசி ஆள் செருப்பைத் தேடுவார். அதன் பிறகு எனக்கு எங்கே நித்திரை?

வான் பிள்ளைகளும் தாய்மாரோடு வந்தார்கள். அவர்களைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது, வாயைத் திறக்கும் வரைக்கும். "அங்கிள், அந்த அங்கிள் வானில பெரிய சத்தமாப் பாட்டுப் போடுறவர்" என்றான் ஒருவன். "ஐஸ்கிறீமும் வாங்கித் தந்தவர்" என்றான் மற்றவன். இத்தனை வருசமாக அவர்களின் கொப்பி, தண்ணிப்போத்தல் எல்லாம் தேடிக்கொடுத்தவன் நான். நான் நித்திரைக்கு அலைந்துகொண்டிருக்க, என் மச்சான் இரண்டு பாட்டாலும் ஒரு ஐஸ்கிறீமாலும் என் இடத்தைப் பிடித்துவிடுவான் போலிருந்தது. ஹோர்னை அமத்திய அந்தச் சின்னப் பெண் மட்டும் என் கதிரையைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள் எப்ப வருவீங்கள்?" என்று கேட்டாள்.

"நித்திரை வந்த உடன வாறன்."

"எனக்கு ரீச்சர் படிப்பிக்கேக்க நல்லா நித்திரை வரும். அது எனக்கு வேண்டாம், நீங்கள் எடுங்கோ" என்றாள்.

ஆறாம் நாள் இரவு மனைவியிடம் என் பொறுமை போய்விட்டதென்று சொன்னேன். போதும், இனி ஒருவரும் வரவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடு என்றேன்.

"மாதாவைப் பாதியில திருப்பி அனுப்பிறதோ?" என்று கேட்டாள் அவள். "செபிக்க வந்த சனத்தைப் போங்கோ எண்டு என்ர வாயால சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுங்கோ."

நானும் சொல்லவில்லை. ஊரில் பிறகும் வாழவேண்டுமே.

ஒன்பதாம் நாள் என்பதால் அக்கா வாடகைக்கு ஸ்பீக்கரும் மைக்கும் எடுப்பித்திருந்தார். வளவு முழுக்கக் கதிரைகள். நான் டொக்டர் அம்மாவின் சொல்லைக் கேட்டு அன்று பகல் முழுக்கக் கண் மூடாமல் முற்றத்தில் நடந்து திரிந்ததில் எலும்பு வரைக்கும் களைத்திருந்தேன். ஸ்பீக்கரில் முதற் பாட்டு அதிர்ந்தபோது அழுகை வராத குறை. செபமாலை பாதியில் இருக்கும்போது கரண்ட் நின்றது. ஸ்பீக்கர் செத்தது. ஓர்கன் செத்தது. மின்னுகிற பல்புகள் அணைந்தன. மாதாவுக்கு முன்னால் இரண்டு மெழுகுதிரி மட்டும் எரிந்தது. கடற்காற்று விறாந்தைக்குள் வந்தது. மைக் இல்லாத அக்காவுக்கு அப்படியொரு மெல்லிய குரல் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் பிரார்த்தனையைத் தொடங்கினார். சனம் ஒரே தாளத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. மூன்றோ நான்கோ தரம் நானும் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மிச்சத்தை அடுத்தநாள் விடிந்த பிறகு மனைவி சொன்னாள். அந்தக் கதிரையிலேயே நான் விடியும்வரை கிடந்திருக்கிறேன்.

முதலில் கண்டது அக்காதான். பிரார்த்தனை முடிகிற இடத்தில் என்னைப் பார்த்திருக்கிறார். நிறுத்தினால் நான் எழும்பிவிடுவேன் என்று பயந்து, கையால் சனத்துக்குச் சைகை காட்டிவிட்டு, பிரார்த்தனையை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். சனமும் விளங்கிக்கொண்டு குரலை இன்னும் இறக்கியிருக்கிறது. அது முடிய மூன்றாம் தரம். அதற்குள் கரண்ட் வந்து ஸ்பீக்கர் உறுமத் தொடங்க, என் மச்சான் பாய்ந்து விழுந்து வயரைப் பிடுங்கியிருக்கிறான். அன்று ஒருவரும் தேத்தண்ணி கேட்கவில்லையாம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வளவைத் தாண்டும் வரைக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முணுமுணுத்தபடியே போனார்களாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிய வெட்கமாகவும் இருந்தது. ஒன்பது நாளாக அந்தச் சனத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே.

"மெசின் இல்லாமல் படுத்தனீங்கள்" என்றாள் மனைவி. "நான் பக்கத்தில இருந்து பாத்தனான். ஒருக்காக்கூட மூச்சு நிக்கேல்ல."

"விடியும்வரைக்குமோ பாத்தாய்?"

"ஓம்" என்றாள், அதில் என்ன புதினம் என்பது போல.

அதன் பிறகு நித்திரை மெல்ல மெல்லப் பழகியது. கதிரையில் சாய்ந்துதான் எனக்குச் சரிவருகிறது என்று தெரிந்ததால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல்லு வைத்து உயர்த்தினோம். பின்னேரத் தேத்தண்ணியை விட்டேன். கொழும்புக்குப் போய் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் உடம்பு முழுக்க வயரைக் கட்டிக்கொண்டு படுத்து எழும்பினேன். டொக்டர் அம்மா பார்த்துவிட்டு, மெசினை இனி மூடி வையுங்கோ, வானை எடுங்கோ என்றார். திரும்பி வரும் வழியில் பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது மனைவி இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் வானை எடுத்தேன். சீற்றை முன்னுக்கு இழுத்ததில் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு முதன்முறையாகக் கால் நீட்ட இடம் கிடைத்தது. பாட்டுப் போடச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். போட்டேன், வேறு வழியில்லை. ரவுனுக்குள் எப்போதும்போல நடுறோட்டில் நின்ற கழுதைகளுக்கு ஹோர்ன் அடிக்கவேண்டுமென்று அந்தச் சின்னப் பெண் ஓடி வந்தாள். அடிக்க விட்டேன். எல்லாரையும் இறக்கிவிட்டு, கண் பளிச்சென்று விழித்திருக்க, வெற்று வானோடு வீட்டுக்கு வந்தேன்.

படலையைத் திறக்கும்போதே ஒரு சத்தம் கேட்டது. தண்ணி மோட்டரில் ஏதோ சிக்கிவிட்டது என்று நினைத்துக் கிணற்றடிக்குப் போனேன். மோட்டர் ஓடவில்லை. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அறை வாசலில், வெறும் நிலத்தில், கையைத் தலைக்கு வைத்து என் மனைவி படுத்திருந்தாள். பக்கத்தில் பாதி அரிந்த வெங்காயம். வாய் திறந்திருந்தது. அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குக் கலியாணமாகி இருபது வருசத்துக்கு மேல். என் மனைவி குறட்டை விடுவாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க முடியாது. நான் படுத்த இரவெல்லாம் அவள் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்ற மூச்சைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊரே கூடி ஒன்பது நாள் நித்திரை கேட்டது எனக்காக. அவளுக்காக ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் நின்றேன். கரண்டியால் குடிக்கிற இந்தச் சின்ன வயிற்றுக்காரனுக்கு அது தாங்கமுடியாத நிறைவு.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கை முனையில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. செருப்பும் போடாமல் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். பாட்டை நிறுத்தவைப்பதற்காக, எனக்குச் சாப்பிட முடியாத ஒரு றாத்தல் பாணும் வாங்கினேன்.

"என்ன அண்ணை, வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் பாண்காரர்.

"இல்லை, மனிசி நித்திரை கொள்ளுறா."

"இந்த வெயிலுக்கயோ?"

"ஓம் தம்பி" என்றேன். "கலியாணம் கட்டின பிறகு இண்டைக்குத்தான் கொள்ளுறா."