நூற்று நான்கு பங்கு

மிரெல்லா சுலியானியை எங்கள் ட்ரியஸ்தே ஆய்வகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. துகள் இயற்பியலில் யாரும் விரும்பாத வேலையை இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். மற்றவர்கள் அளந்த எண்ணுக்குப் பக்கத்தில், அது எவ்வளவு தவறியிருக்கலாம் என்று கணக்கிட்டு எழுதுவாள். என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள். என் அளவீட்டுக்கு அவளைக் கேட்கவில்லை. திமிர்தான், வேறென்ன? பிழையை நானே கணக்குப் போட்டேன், ஒன்பது சதவீதம்.

தணிக்கைக் குழு கையை விரித்தது. இவ்வளவு பிழையோடு எதை வெளியிடுவது? வியாழக்கிழமை வாக்கெடுப்பு. தோற்றால் என் ஆறு வருட உழைப்பு குப்பைக்குப் போகும்.

புதன் மதியம் உணவகத்தில் நான் யோட்டா சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது, மிரெல்லா என் பிழைக் கணக்கு அட்டவணையோடு எதிரே உட்கார்ந்தாள்.

"டுல்லியோ, உன் துகள் எத்தனை வழில சிதையுது?"

"அஞ்சு. உனக்குத் தெரியாதா?"

"நூறு துகள்ல எத்தனை எந்த வழில போகுதுங்கிறதுதானே பங்கு? அஞ்சையும் கூட்டினா நூறுதானே வரணும்? ஒண்ண ஏத்திப் பாத்தியே, மத்த நாலையும் ஏன் குறைக்கல? உன் கணக்குல நூறு துகள் நூத்திநாலு தடவை சிதையுது!"

எனக்குக் காது சுட்டது. "பிழை பெருசா இருந்தா யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"இப்பச் சொல்லிட்டாங்கல்ல? சாப்பிடு, சூப் ஆறுது."

பங்குகள் எல்லாம் பிறர் அளந்து தந்தவை. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கி, நம் எண் எவ்வளவு அசைகிறது என்று பார்ப்போம். எங்கள் கருவி ஐந்து வழியையும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடிக்கும். ஒன்றை ஏற்றி மற்றவற்றைக் குறைத்தால் அசைவு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சாயங்காலத்துக்குள் மறுபடி போட்டோம். இரண்டு சதவீதம். நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

வியாழக்கிழமை ஒருமனதாக ஏற்றார்கள். கட்டுரையில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், அகரவரிசையில். சுலியானி இத்தாலிய எழுத்தில் Z-இல் தொடங்குவதால், அவளுடையது கடைசிக்கு முந்தையது. தனியாக நன்றி சொல்ல இடம் கேட்டேன். ஆசிரியர் பட்டியலில் இருப்பவருக்கு நன்றி எழுதும் வழக்கம் இல்லையாம்.

"விடுப்பா, அவ்வளவு தூரம் யாரு புரட்டப் போறா?" என்று சிரித்தாள்.

என்னால் விட முடியவில்லை. ஜூன் மாதக் கருத்தரங்கில் திரையில் இரண்டு எண்களையும் பெரிதாகப் போட்டேன். கீழே எழுதியிருந்தேன்: ஒன்பது நான் போட்டது, இரண்டு மிரெல்லா போட்டது.