பின்பக்கத்தையும் வாசித்தவள்

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் தந்தி. தங்கச்சிமடத்திலிருந்து என் தோழி சவேரியம்மாளின் தம்பி கொடுத்திருந்தான். அவள் விடியற்காலையில் காலமாகிவிட்டாள், மாலையில் அடக்கம். கிடைத்த ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். மாதா கோயில் வளாகம் முழுக்க அவளிடம் படித்த பிள்ளைகள். முப்பத்து நான்கு வயது சாகிற வயதில்லை.

அவளை டீச்சராக நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவளாகவும் அறிவீர்கள். அந்தப் பழக்கம் தொடங்கிய நாளில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.

மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இருவரும் இண்டர்மீடியட் சேர வந்திருந்தோம். நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் சம்சாரி மகள். அவள் மீன்பிடிக்கிறவர் மகள். என்னிடம் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்றுக்குத்தான் அனுமதி என்றார்கள். தொகை பெரிதாக இருந்ததை எழுதத் தொடங்கினேன். படியில் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்து, விண்ணப்பத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"ஒம் படிப்பு எத்தன வருசம்?"

"இண்டரு ரெண்டு. முடிஞ்சா பி.ஏ. ரெண்டு."

"நீ எழுதுறது ஒரு வருசத்துக்குத்தான். அடுத்த வருசம் என்ன செய்வ? சின்னது பாசாக ஆக வருசா வருசம் வரும். அதோட காலேஜுக்குக் கட்டுற சம்பளத்துல சலுகையும் கேக்கலாம், தடையில்லன்னு போட்டிருக்கு."

இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "முன்பக்கம் அவுக நம்மளக் கேக்குறது. பின்பக்கம் நாம அவுகளக் கேக்க வேண்டியது" என்றாள். சின்னதையே எழுதினேன். நான்கு வருஷமும் அதில்தான் படித்தேன்.

அவளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இண்டர்மீடியட் பரீட்சையின்போது காய்ச்சலில் படுத்தாள். அவள் நெஞ்சில் நோய் இருந்தது அப்போது யாருக்கும் தெரியாது. பாஸானாள், ஆனால் மதிப்பெண் குறைந்து உதவித்தொகை நின்றுபோனது. மிச்சமிருந்த வழி அரசாங்கத்தின் கடன் உதவித்தொகை. வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்ட வேண்டும். நிலம் வைத்திருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அவள் தகப்பனாருக்கு ஒரு வள்ளம் இருந்தது, ஒரு சென்ட் நிலம் இல்லை. கடலில் கிடக்கும் படகு ஜாமீனுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். விடுதியில் அவள் பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்ததும், "எங்க ஊருக்கு வா, எங்கய்யாகிட்ட நெலமிருக்கு" என்றேன்.

பஸ்ஸில் அவளிடம் ஒன்று சொல்லிவைத்தேன். ஜாமீன் பத்திரத்தில் நிலத்தை ஏலம் விடுவதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அய்யாவிடம் அதை மட்டும் வாசிக்காதே என்று. அவள் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அய்யா களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். சவேரி ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். அந்த வரியும் வந்தது.

"நாங் கட்டலேன்னா ஒங்க நெலத்த ஏலம் விடலாம்னு போட்டிருக்கு, அய்யா."

அய்யா அவளையே பார்த்தார்.

"ஏத்தா, இத நீ வாசிக்காம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்பறம் ஏன் வாசிச்ச?"

"கையெழுத்துப் போடுறது நீங்கதான."

அவர் எழுந்து மறுபடி வைக்கோல் உதறப் போனார். அன்று ராத்திரி நான் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்தேன். மறுநாள் காலை நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு அய்யா வரப்பில் வந்தார். கக்கத்தில் மஞ்சள் பை.

"வெறுங் கையெழுத்து பத்தாது, பட்டாவும் வேணும்னு வாசிச்சியே. கணக்குப்பிள்ளைட்ட எழுதி வாங்கிட்டு வாரேன், இரு" என்றவர், அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். அன்றுதான் சவேரி அழுது நான் பார்த்தேன்.

அவள் பி.ஏ., பி.டி. முடித்து ஊருக்கே டீச்சராகத் திரும்பினாள். கடனைத் தவணை தவறாமல் அடைத்தாள். அவளுக்கும் தவறு நேர்ந்தது உண்டு. ஒரு வருஷம், மாறியிருந்த விதியைக் கவனிக்காமல், பழைய ஞாபகத்தில் ரோசலி என்ற பெண்ணின் விண்ணப்பத்தை நேராக அனுப்பிவிட்டாள். பள்ளி வழியாக வரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அந்தப் பெண் ஒரு வருஷம் தாயோடு கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளையோட ஒரு வருசத்த நாந் தின்னுட்டேன், முத்து" என்று எனக்குக் கடிதம் எழுதினாள். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாயிடம் மன்னிப்புக் கேட்டாள். மறுவருஷம் தானே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாள். அதன்பிறகு, மனப்பாடமான விதியையும் புதிதாக வாசிக்காமல் யாருக்கும் சொன்னதில்லை. ரோசலி இப்போது பி.எஸ்ஸி. படிக்கிறாள். கல்லறையில் என் தோளில் சாய்ந்து அழுதவள் அவள்தான்.

போன மாதம் இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சவேரியைப் பார்த்தேன். தலையணை அருகே மூன்று விண்ணப்பங்கள். மூச்சு வாங்கியதால், "நீ வாசி, நாங் கேக்குறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவளைச் சீக்கிரம் தூங்கவிடலாம் என்று ஒரு பத்தியைத் தாண்டினேன்.

"ஒண்ண விட்டுட்ட."

திரும்பப் போய் வாசித்தேன். அவள் சிரித்தாள். "ஒனக்கு அப்பவே பொறுமை கெடயாதுடி" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அய்யாவைக் கல்லறைக்கு அழைத்துப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் வெகுநேரம் நின்றார். "எம் முன்னால எத்தனையோ பேரு பத்திரத்த நீட்டிருக்காக. இன்ன எடத்துல போடுன்னுதான் காட்டுவாக" என்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

நேற்று என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் விண்ணப்பத்தோடு பள்ளிக்கு வந்தார். வயல் வேலையை விட்டு வந்த அவசரம். எந்த இடத்தில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டார். நான் மைப்பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். சவேரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இவ்வளவுதான். முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.