தனி அடுப்பைக் கணக்கில் சேர்த்தவர்

எஸ்தர் போய்விட்டார் என்பதைச் சமயநல்லூரிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னார். "காலையில ஜெபம் முடிச்சு உக்காந்தவங்கதாண்ணே, எந்திரிக்கல." எஸ்தரோடு வேலை பார்த்த நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் மதுரையில் ஓர் ஆய்வு நிலையத்தின் புள்ளியியல் பிரிவில் இருந்தோம். மலிவு விலை அரிசி யாருக்கு என்று ஒரு புது விதி அப்போது தயாராகிக்கொண்டிருந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் இருந்தால் அரிசி கிடையாது. சராசரி வருமானத்தை வைத்துப் பார்த்தால் நியாயமாகவே தெரிந்தது. எஸ்தர் சராசரியோடு நிற்கவில்லை. நாங்கள் சேகரித்திருந்த குடும்ப விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் விதியைப் போட்டுப் பார்த்தார். யாருக்கு அரிசி நிற்கும், நின்றால் அந்த வீட்டுச் செலவு என்ன ஆகும் என்று அது வீடுவாரியாகச் சொல்லும்.

இன்று இது சாதாரணம். அன்று கம்ப்யூட்டர் படிப்பதற்காக ஒரு குடும்பத்துக்கு ஒன்றாகத் துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, மெஷின் இருந்த இடத்துக்குப் பஸ்ஸில் தூக்கிப் போக வேண்டும். ஒருநாள் காளவாசலில் டிரைவர் போட்ட பிரேக்கில் பெட்டி கவிழ்ந்தது. எஸ்தர் முந்தானையைச் செருகிக்கொண்டு பஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். "காலைக் கொஞ்சம் தூக்கிக்கங்கண்ணே. ஒரு அட்டை போனா ஒரு குடும்பம் போச்சு" என்று பயணிகளிடம் சொன்னார். எல்லோரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள்.

மானாவாரி நிலம் வைத்திருந்தவர்கள் பலர் அடிபடுவார்கள் என்று முடிவு வந்தது. மழை பொய்த்தால் அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான். எனக்கு அது போதும். எஸ்தருக்கு நேரில் பார்க்க வேண்டியிருந்தது. திருவாதவூர் போனோம். மானாவாரிக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு வீட்டின் பின்பக்கம் இன்னோர் அடுப்பு எரிவதைப் பார்த்து, அது யாருடையது என்று அவர் விசாரித்தார். கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த பெண்ணுடையது. "வீடு அண்ணன் வீடுதான். பொங்கித் திங்கிறது தனியாத்தான்" என்றாள். எங்கள் அட்டையில் அவள் அண்ணனின் நிலத்தோடு சேர்ந்து கிடந்தாள். பக்கத்துத் தெருக்களிலும் அப்படிப் பெண்கள் இருந்தார்கள்.

அடுத்த வாரம், விதியைத் தயாரித்துக்கொண்டிருந்த அதிகாரியோடு கூட்டம். எங்கள் முடிவில் குறை இருக்கிறது, சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்று எஸ்தர் கேட்டார். அதிகாரிக்குக் கோபம். இன்றே கொடுங்கள், இல்லையென்றால் விதி இருக்கிறபடியே போகும் என்றார். கையில் இருப்பதைக் கொடுத்துவிடலாம் என்று நான் கிசுகிசுத்தேன். எஸ்தர் எழுந்து நின்றார்.

"இதை அப்படியே வாங்கிக்கிட்டா, நாங்க விட்டவங்களை நீங்களும் விட்டுருவீங்க சார். அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கடைசியில் அதிகாரியே அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார். நாங்கள் மறுபடியும் ஊர் ஊராகப் போய், வீட்டில் எத்தனை அடுப்பு என்று கேட்டுவந்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் புதிதாக ஓட்டினோம். விதி வெளிவந்தபோது மானாவாரிக்குத் தனி அளவு இருந்தது. ஒரே கூரையின் கீழ் தனியாகச் சமைப்பவர்களுக்குத் தனி ரேஷன் கார்டும் இருந்தது. எஸ்தர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த அறிக்கை கைக்கு வந்தாலும், இதில் யார் விடுபட்டுப் போனார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். தேடி, யாரும் விடுபடவில்லை என்று இதுவரை திரும்பியதில்லை.