ரோஸ்லின் சொன்ன ‘ஆமா’

மகளின் பள்ளிக் கண்காட்சியில் கழுவாத சங்கின் கவிச்சி மூக்கில் ஏறியதும், இன்று பெட்ரோல் பங்க் ஆகிவிட்ட எங்கள் ஓட்டு வகுப்பறைக்குப் போய்விட்டேன். அங்கே எந்தப் பாடம் நடந்தாலும் கடைசியில் ரோஸ்லினிடம்தான் போய் நிற்கும். அவள் அப்பா கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவர். அறிவியலில் நுரையீரல் வந்தாலும், வரலாற்றில் கொற்கை வந்தாலும், தமிழ்ச் செய்யுளில் முத்து என்று ஒரு சொல் வந்தாலும் வெளியூர் டீச்சர் அவளைத்தான் எழுப்பிக் கேட்பார். அவளும் பழுப்புத் தோல் மூடிய சங்கொன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவாள். கருப்பட்டிக் கடைக்காரர் மகளான எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பஜாரில் வாங்கிய சங்கைக் கொண்டுபோய், “எங்க மாமா முங்கி எடுத்தாவ” என்றேன். அது பாலிஷ் போட்டுப் பளபளத்தது. கடலிலிருந்து எந்தச் சங்கும் அப்படி வெள்ளையாக ஏறி வராது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“அப்படியா?” என்று டீச்சர் ரோஸ்லினைத்தான் கேட்டார். அவள் சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆமா டீச்சர். எங்க அப்பாதான் தோலு சுரண்டிக் குடுத்தாவ.”

அவளுடைய சங்குகள் மேல் பட்ட பொறாமை எப்போதோ ஆறிவிட்டது. அந்த ‘ஆமா’ மேல் பட்டது இன்னும் ஆறவில்லை.