நாலு இன்ச் லூஸ்

என் தம்பிக்கு உட்காரத் தெரியாது. கடையில் நாற்காலி இருக்கிறது, முக்காலி இருக்கிறது, வருகிறவர்களுக்கென்று நீளப் பலகை இருக்கிறது. ஒன்றிலும் அவன் முதுகு சாய்ந்து நான் பார்த்ததில்லை. கட்டிங் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே வெட்டுவான், நின்றுகொண்டே டீ குடிப்பான். பேசுகிற ஆள் நேர் எதிரே வந்துவிட்டால் இரண்டடி நகர்ந்து பக்கவாட்டில் திரும்பிக்கொள்வான். "கால்ல சக்கரமாடா கட்டியிருக்கு?" என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். உட்கார்ந்து குனிந்தால் சட்டை எங்கே போய் ஒட்டும் என்பது, பிளவுஸ் தைத்தே பிழைக்கிற எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

கடை எங்கள் இருவருடையது. பெண்கள் துணி எனக்கு, ஆண்கள் சட்டை அவனுக்கு. தெருவில் எல்லோருக்கும் அவன் மாஸ்டர். வயது முப்பத்தைந்து ஆகிறது, கல்யாணப் பேச்சை எடுத்தால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விடுவான். தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்வான். தடித்த துணி, இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட், பாக்கெட்டுக்குப் பின்னால் இன்னொரு மடிப்புத் துணி. வெயில் கொளுத்தினாலும் அதேதான்.

அளவெடுப்பதிலும் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. உடம்பின் அளவை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். நெஞ்சு முப்பத்தெட்டு என்றால் மனசுக்குள்ளேயே நாலு இன்ச் லூஸ் கூட்டி "நாப்பத்திரெண்டு" என்பான், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். "உடம்பு அளவு அவங்க சொந்த விஷயம்க்கா. நமக்குச் சட்டை அளவு போதும்" என்பான். பதினைந்து வருஷத்து நோட்டுகளைப் புரட்டினாலும் அதில் ஒருவருடைய உடம்பும் கிடைக்காது.

ஒருநாள் மத்தியானம், நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, தம்பி ஒரு டாக்டர் சீட்டை என் மெஷின் மேல் வைத்தான்.

"ஒரு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்க்கா. கூட ஒரு ஆள் வேணுமாம்."

"ஐயோ, என்னடா ஆச்சு?"

அவன் மேசையில் விரித்திருந்த துணியைப் பார்த்தே பேசினான். "நெஞ்சுல. வயசுக்கு வர்றப்ப வந்த சதை. சில ஆம்பளைங்களுக்குத் தானா கரைஞ்சிடுமாம், சிலருக்கு நின்னுடுமாம். பட்டினி கிடந்தாலும் போகாதாம்."

"இதுக்கெல்லாமாடா ஆபரேஷன்?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் இருக்கிறதே!

"உனக்கு இது இதுக்கெல்லாம். எனக்கு இருபது வருஷம்க்கா."

இருபது வருஷக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் பதினான்கு வயது. குளித்துவிட்டு வெறும் உடம்போடு வந்தவனிடம், நான் முதன்முதலில் தைத்த பிளவுஸைத் தூக்கிக் காட்டி, "இது உனக்குத்தான்டா கச்சிதமா இருக்கும்" என்றேன். வந்திருந்த என் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனைச் சட்டையில்லாமல் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவன் மறந்திருப்பான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

கேட்டவர்களிடம் குடல்வால் ஆபரேஷன் என்று சொன்னேன். முக்கியமாகப் பள்ளி வேன் ஓட்டுகிற டிரைவரிடம். அவரிடம் ஒன்றைச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி.

ஆஸ்பத்திரியில் அவனை நிற்க வைத்து, டாக்டர் மார்க்கர் பேனாவால் நெஞ்சில் கோடு போட்டார். திரைக்கு வெளியே நிறுத்தப்பட்ட எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது.

"டாக்டர், இடது பக்கக் கோடு கால் இன்ச் இறங்கியிருக்கு."

"கோடு சரிதான் மாஸ்டர், உங்க நெஞ்சே அப்படித்தான். யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது."

"அது எனக்குத் தெரியாதா டாக்டர்? சட்டையில அதை மறைக்கத்தானே நாங்க இருக்கோம்."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

உள்ளே கொண்டுபோன இரண்டரை மணி நேரமும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. லிஃப்ட் வரை போவேன், தண்ணீர் குழாய் வரை வருவேன். கையில் வேலை இல்லாமல் என் சேலை ஓரத்தில் இருந்த பிசிரை இழுத்து இழுத்து ஒரு சாண் பிரித்துவிட்டேன். காவலாளி, "உட்காருங்கம்மா, பார்க்கிற எனக்கே தலை சுத்துது" என்றார். உட்கார்ந்தேன், உடனே எழுந்தேன்.

அவனை வெளியே கொண்டுவந்தபோது நெஞ்சைச் சுற்றிக் கட்டு, அதன் மேல் இறுக்கும் பனியன், இரண்டு பக்கமும் ஒரு குழாய், குழாய் நுனியில் சின்னக் குப்பி. மயக்கம் தெளிந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "தட்டையா இருக்கா?" கட்டுக்குள் என்ன தெரியும்? "பலகை மாதிரி இருக்குடா" என்று அடித்துவிட்டேன். இரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள், பெரிய கட்டைப் பிரித்துச் சின்னதாகப் போட்டார்கள், அந்தப் பனியனை ஆறு வாரம் கழற்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அவன் இன்னும் மோசம். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடைதான். ஐந்தாம் நாள் காலையில் நின்ற இடத்தில் நின்றான். "உள்ள என்னமோ குலுங்குதுக்கா." முகம் வெளிறிப்போயிருந்தது. ஓடினோம்.

டாக்டர் ஊசி வைத்து நீரை உறிஞ்சி எடுத்தார். அவனோடு வெளியே வந்தவர் முகத்தில் கோபம். "பனியன் இவ்வளவு தொளதொளன்னு இருந்தா நீர் கட்டாம என்ன செய்யும்? யார் இந்த அளவு கொடுத்தது?"

நர்ஸ் பதிவைப் பார்த்தாள். "நாப்பத்திநாலு. நாங்க எடுக்க வந்தப்ப தொட விடல சார். வீட்ல தானே எடுத்து போன்ல சொன்னார். தையல்காரர்தானேன்னு நம்பிட்டோம்."

அவன் தரையைப் பார்த்தான். "நாப்பதுதான் டாக்டர். பழக்கதோஷம். லூஸ் கூட்டிச் சொல்லிட்டேன்."

முதல் இரண்டு நாள் பெரிய கட்டு அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது. கட்டு சின்னதானதும் பனியன் தொங்கிவிட்டது. மறுபடி நீர் சேர்ந்தால் திறந்துதான் ஆகவேண்டும், நெஞ்சு மேடு பள்ளமாக ஆறினாலும் ஆறும் என்றார் டாக்டர். சரியான பனியன் வர மூன்று நாள் ஆகும். "அதுவரைக்கும் இதை இறுக்கித் தைச்சுக்கோங்க. இப்ப இருக்கிற அளவை எடுத்து, ரெண்டு விரல் மட்டும் நுழையற மாதிரி. நீங்களே தைக்கிறவங்கதானே?" என்று, பனியனுக்குப் பதிலாக நெஞ்சில் ஒரு துணிப் பட்டியைச் சுற்றி அனுப்பினார்.

நேராகக் கடைக்குப் போனோம். ஷட்டரைப் பாதி இறக்கினேன். அவன் டேப்பை எடுத்து முதுகுப் பக்கம் வீசிப் பார்த்தான். கை பின்னால் போகவில்லை. மறுபடி வீசினான், டேப் தரையில் விழுந்தது. மூன்றாவது தடவை வலியில் பல்லைக் கடித்தான்.

"நீ குத்துமதிப்பா தைச்சிடு."

"குத்துமதிப்பா தைச்சா குத்துமதிப்பாத்தான்டா ஆறும். கழட்டு சட்டையை."

"வேணாம்க்கா."

"அன்னைக்கு நான் சொன்னது தப்புடா. அந்த பிளவுஸை வச்சுச் சொன்னது. எனக்கு அப்ப அறிவில்லை."

அவன் மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "நீ மறந்திருப்பேன்னு நினைச்சேன்" என்றான்.

"நீ மறந்திருப்பேன்னு நான் நினைச்சேன்."

ஒரு கையால் பொத்தான்களைக் கழற்றினான். பட்டியை நான் பிரித்தேன். மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கே தெரியாத பொடித் தையல். நானே பொறாமைப்படுகிற தையல். டேப்பைச் சுற்றினேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் எழுதப் பேனாவோடு நின்றான்.

"முப்பத்தொம்போது" என்றேன். பழக்கம் யாரை விட்டது? "லூஸ் எவ்வளவுடா?"

"ஒண்ணும் வேணாம். இருக்கறது இருக்கட்டும்" என்று முப்பத்தொன்பதை எழுதினான்.

பட்டியை மறுபடி சுற்றிவிட்டு பனியனைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்தேன். பாதியில் ஷட்டர் தடதடவென்று மேலே போனது. வேன் டிரைவர்! நான் அவன் சட்டையைத் தேடி எழுந்தேன். கத்தரிக்கோல் கீழே விழுந்ததுதான் மிச்சம்.

"என்ன மாஸ்டர், நெஞ்சுல கட்டு? குடல்வால்னாங்க அக்கா?"

"அது அக்கா சொன்னது. நெஞ்சுலதாண்ணே ஆபரேஷன். சின்ன வயசுலேர்ந்து சதை இருந்துச்சு, எடுத்துட்டேன்."

டிரைவர் ஒரு கணம் விழித்தார். "வலிக்குதா?"

"சிரிச்சா வலிக்குது."

"அப்ப உங்க அக்கா பக்கத்துல இருக்கறவரைக்கும் பயமில்லை" என்றவர், தைக்கக் கொடுத்த சட்டை தயாரா என்று கேட்டார். இல்லை என்றேன், முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஷட்டரை இறக்கப் போனேன். "இருக்கட்டும்க்கா, காத்து வரட்டும்" என்றான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தான். நான் தைத்து முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.